ஈ வராத அம்பிட்டிய குழி

உதுமான் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் சின்னையா கங்காணி. காலை ஏழரை மணி இருக்கும். கண்டி மாநகர சபைக் கந்தோரில் என் கதிரையில் அமர்ந்து மாதாந்தப் பார்வையிடல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "உதுமான் நானா போயிட்டாருங்க ஐயா" என்றார். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே பாயில் சரிந்தாராம். வைத்தியர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. இனி என்னை யாரும் யாரோடும் ஒப்பிடமாட்டார்கள் என்றுதான் தோன்றியது. அடுத்ததாக, இந்த மனிதருக்காக ஊரே அழப்போகிறதே, எனக்கென்று வரும்போது யார் அழுவார்கள் என்று தோன்றியது. துக்கம் மூன்றாவதாகத்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

நம் சுகாதாரப் பகுதி நண்பர்கள் அவருடைய நினைவாக ஒரு மலர் வெளியிடுகிறார்கள். நீண்ட காலம் கூட வேலை செய்தவன் என்பதால் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை எழுதுவது எனக்குச் சிரமமே இல்லை; கந்தோரில் பிரிவுபசாரப் பத்திரம் எல்லாம் நான்தான் எழுதுவது. ஆனால் உதுமானை அடக்கம் செய்த மையவாடியில் அவருடைய மூத்த மகன் என்னை ஒரு கேள்வி கேட்டார். கம்பளையில் ஆசிரியராக இருப்பவர், அடக்கமான பிள்ளை. என்னைத் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாரும் வாப்பாவப் பத்தி நல்லாத்தான் செல்றாங்க. ஆனா ஒரு நாள் குப்பைய மூடாம விட்டுட்டாருன்னு ரிப்போட் இரிக்காமே. அதனாலதான் பெரிய இன்ஸ்பெக்டர் வேலை கிடைக்கல்லையாம். அது மெய்யா ஐயா?"

"ஓம் தம்பி, அப்பிடியொரு அறிக்கை இருக்குத்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தகப்பனாரின் கபுறடிக்குத் திரும்பிப் போனார். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது பாதிப் பதில். மீதியை இந்த மலரில் எழுதுகிறேன். மலரில் போடத் தகாதது என்று நண்பர்கள் நினைத்தால், இதை அந்தப் பிள்ளையிடமாவது கொடுத்துவிடட்டும்.

உதுமானும் நானும் ஒரே நாளில் சுகாதார இன்ஸ்பெக்டர்களாகச் சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் படித்து, அந்தப் பெருமையோடு வந்தவன். அவர் கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடைக்காரரின் மகன். அப்போது கண்டி நகரத்துக் குப்பையெல்லாம் மாட்டு வண்டிகளில் இரண்டு பள்ளங்களுக்குப் போகும். ஒன்று அம்பிட்டிய வீதியோரத்து மலைச்சரிவில் இருந்தது. மற்றது மகாவலி ஆற்றங்கரையில். குப்பையைக் கண்டபடி கொட்டி எரிப்பதை நிறுத்தி, பள்ளத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு நாள் மாலையும் ஒன்பது அங்குலம் மண் போட்டு மூடவேண்டும் என்ற புது முறை அப்போதுதான் வந்திருந்தது. அம்பிட்டிய குழி அவருக்கு, ஆற்றங்கரைக் குழி எனக்கு. அதோடு ஒரு வழக்கமும் இருந்தது. மாதம் ஒரு தடவை அவர் என் குழியையும் நான் அவர் குழியையும் முன்னறிவித்தல் இல்லாமல் பார்வையிட்டு, விதிப்படி நடக்கிறதா என்று புத்தகத்தில் எழுதவேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் புத்தகம்தான் இருந்தது.

இருவருக்கும் ஆளுக்கொரு இரும்புக் கம்பி கொடுத்திருந்தார்கள். ஒன்பது அங்குலத்தில் ஒரு வெட்டு இருக்கும். மூடிய மண்ணில் கம்பியை இறக்கினால் மண் எவ்வளவு என்று தெரியும். இழுத்தெடுத்து நுனியைத் தொட்டால் அடியில் சூடு இருக்கிறதா என்றும் தெரியும். நான் குழிக்கு நாலு இடத்தில் குத்திப் பார்ப்பேன். உதுமான் நாற்பது இடத்தில் குத்துவார். "கண்ணு போதும்னு செல்லும். கம்பியக் கேக்கணும்" என்பார். இதை அவர் சொன்னபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அறிக்கை மூன்று வரிதான் இருக்கும். என்னுடையது மூன்று பக்கம். என் ஆங்கிலத்தை வைத்திய அதிகாரித் துரை பாராட்டியிருக்கிறார். ஆனால் வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால், துரை அவர்களை அழைத்துப்போவது அம்பிட்டிய குழிக்கு. என் அறிக்கையை அலுமாரியில் வைத்துவிட்டு அவருடைய குழியைக் காட்டப் போவார்கள். என் ஆட்கள் என்னை ஐயா என்றார்கள். அவருடைய ஆட்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்றார்கள். என் ஆட்களும் அவரை நானா என்றுதான் சொன்னார்கள். என் காதுபடவே.

பெரஹராத் திருவிழா மாதத்தில் ஒரு தடவை நான் அவரிடம் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் ஊரே கண்டிக்கு வந்துவிடும். இலையும் இளநீர்க் கோம்பையும் யானைச் சாணமும் வண்டி வண்டியாக வந்து குவியும். என் குழியில் மூட மண் போதவில்லை. மூன்று நாள் குப்பை வாய் திறந்து கிடந்தது. என்னைப் பார்வையிட வந்த உதுமான் அதை அப்படியே புத்தகத்தில் எழுதினார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எதிர்பாராத நெருக்கடி என்று நான் வாதாடினேன். அவர் சிரிக்காமல், "யானை ஒவ்வொரு வருஷமும் வருதே கந்தையா" என்றார். அவர் குழியோரத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பே மண் வெட்டிக் குவித்து, மழையில் கரையாமல் தென்னோலை போட்டு மூடி வைத்திருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அவருடைய சோற்றுச் சோதனையை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மத்தியானத்தில் குழியின் நடுவே ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பொட்டலத்தை மடியில் விரித்து வைப்பார். கை வைக்கமாட்டார். மெதுவாக நூறு எண்ணுவார். ஈ வந்து உட்கார்ந்தால் பொட்டலத்தை மூடிவிட்டு எழுந்துபோய், எங்கே மண் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவார். அன்று அவர் சாப்பிடுவது அந்த இடத்தை மூடிய பிறகுதான். ஒருநாள் துரை இதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய ரொட்டியையும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் குப்பையின் மேல் இருந்து சாப்பிட்ட கதை ஒரு வாரம் கந்தோர் முழுக்க ஓடியது. நானும் ஆற்றங்கரையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து என் பொட்டலத்தை விரித்தேன். முப்பது எண்ணுவதற்குள் ஈ மொய்த்துச் சோறு கறுத்துவிட்டது. அதை ஆற்றில் கொட்டிவிட்டு, பசியோடும் கோபத்தோடும் வீட்டுக்கு வந்தேன்.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை வாட்டிய காலத்தில் அவர் ஒவ்வொரு பால் தகரத்தையும் மிதித்துத் தட்டையாக்கி, ஒவ்வொரு சிரட்டையையும் குப்புறக் கவிழ்த்துப் புதைக்க வைத்தார். நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப் புழு, தேடி வந்த அதிகாரிகள் அவர் குழியில் ஒன்றையும் காணவில்லை. என் குழியில் கண்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நான் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, என் மனைவி பரிமாறிக்கொண்டே, "என்னைவிட நீங்கள் அந்த உதுமானைத்தான் கூட நினைக்கிறியள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி என்பதால்தான் வரவில்லை.

பிறகு பெரிய இன்ஸ்பெக்டர் பதவி காலியானது. அதற்குத் தகுதி எங்கள் இருவருக்கும்தான். துரையின் மனம் யார் பக்கம் என்று பியோன் வரைக்கும் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அம்பிட்டிய குழியில் ஒரு பிழை. எத்தனை வருடமாகத் தேடுகிறேன்! நாலு இடம் குத்துகிற நான் அவர் குழியில் அறுபது இடம் குத்தியிருக்கிறேன். கம்பி ஒவ்வொரு தடவையும் வெட்டு வரைக்கும் இறங்கும். "மண் சரி" என்று எழுதிவிட்டு வருவேன்.

அந்த மாதம் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கே என் குழியைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பதவிக்கான விண்ணப்பத்தை அழகாகப் படியெடுக்க வேண்டியிருந்தது. மாலையில் மூடும் வேலையைச் சின்னையா கங்காணியிடம் விட்டேன். அப்போது அவர் என் குழிக் கங்காணி. மறுநாள் விடியற்காலை, வண்டிகள் வருவதற்கு முன்பே, அம்பிட்டிய குழிக்குப் பார்வையிடப் போனேன்.

போய்ப் பார்த்தால், முதல் நாள் குப்பை அறுபது அடி நீளத்துக்கு மூடாமல் கிடந்தது. காகம் கிண்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. என் மகள் பிறந்தபோதுகூட அப்படி இருந்ததா என்பது சந்தேகம். அடியெடுத்து நீளத்தை அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன். சிறிது நேரத்தில் உதுமான் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஏன் மூடவில்லை என்று கேட்டேன்.

"மண் வண்டிய வேற ஒரு இடத்துக்கு அனுப்பிட்டன்" என்றார்.

எந்த இடத்துக்கு என்று கேட்டேன். "தேவைப்பட்ட இடத்துக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நீங்க கண்டத எழுதுங்க கந்தையா" என்றார். எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சிறந்த அறிக்கை அது. துரை அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோதும் அவர் அதே பதிலைத்தான் சொன்னாராம். குறைந்தபட்சம் காரணத்தையாவது சொல் என்று துரை கேட்டுக்கொண்டும் பலனில்லையாம். அடுத்த வாரம் பதவி எனக்குக் கிடைத்தது.

பெரிய இன்ஸ்பெக்டர் கதிரையில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆற்றங்கரைக் குழியைப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒப்படைக்கும்போது குறை சொல்லக் கூடாதே என்று, அன்றைக்கு மட்டும் நாற்பது இடத்தில் கம்பியைக் குத்தினேன். ஒரு மூலையில் கம்பியோடு சிவப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் மூடப் பாவித்தது ஆற்றோரத்துச் சாம்பல் நிற மண். அந்தக் குழியில் செம்மண்ணுக்கு வேலையே இல்லை. மண்வெட்டி கொண்டுவரச் சொல்லி வெட்டிப் பார்த்தேன். மேலே சாம்பல் மண், அதன் கீழே இரண்டு அடிக்குச் செம்மண், அதற்கும் கீழே கரியும் சாம்பலும். செம்மண் வெட்டுவது அம்பிட்டியச் சரிவில் மட்டும்தான்.

சின்னையா கங்காணியைக் கூப்பிட்டேன். வெட்டிய பள்ளத்தைக் கண்டதும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் விண்ணப்பம் எழுதப் போன அந்தப் பின்னேரம் ஒரு ரொட்டிக் கடை வண்டி, அணையாத அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. சூடு பார்க்காமல் கங்காணி கொட்டவிட்டிருக்கிறார். சூட்டுச் சாம்பல் ஏற்பது விதிக்கு முழு விரோதம். ஐந்து மணிக்குக் குப்பை உள்ளுக்குள் கனன்று பிடித்துவிட்டது. காற்று லயத்துப் பக்கம் வீசியது. நம் தொழிலாளர் குடும்பங்கள் அத்தனையும் இருந்தது அங்கேதான். கங்காணி என்னைத் தேடிக் கந்தோருக்கு ஓடியிருக்கிறார். நான் வீட்டில் இருந்தேன். அதற்குள் மலைச்சரிவிலிருந்து புகையைக் கண்ட உதுமான், தன் குப்பையை மூடக் காத்திருந்த ஆறு மண் வண்டியையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அணைத்து முடித்தபோது இருட்டிவிட்டதாம். செம்மண் தெரியாதபடி கங்காணி மேலே சாம்பல் மண் பரப்பியிருக்கிறார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா ஐயா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிப்புடுவீங்க" என்றார் கங்காணி. "நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு லயத்த விட்டு எங்க போவேன்? நானா கால்ல விழுந்தேங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்னு நானா வாக்குக் குடுத்தாரு. அவருக்கு வர்ற வேல இதால போகும்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா."

அவர் சொன்னது உண்மை. நான் நிறுத்தித்தான் இருப்பேன். அதுவரை நான் நிறுத்திய ஆட்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும்.

அந்த இடத்தில் நின்றபோது என்னை வாட்டியது வெட்கம் மட்டுமல்ல. உதுமான் எனக்காக அதைச் செய்திருந்தால் ஒருவேளை தாங்கிக்கொண்டிருப்பேன். நண்பன் என்று சொல்லியாவது ஆறியிருப்பேன். அவர் செய்தது எனக்காக அல்ல. கங்காணியை என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக. அப்படி ஒரு காரியம் செய்ய எனக்கு வராது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பதவி, அவரிடம் இருந்த மற்றதற்கு ஈடாகவில்லை. கங்காணியை நான் நிறுத்தவில்லை. பள்ளத்தை மூடச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த என் அறிக்கையையும் நான் திருத்தவில்லை. கதிரை மெத்தென்று இருந்தது.

பிறகு நான் மேலதிகாரியாக அம்பிட்டிய குழிக்குப் போகும்போது உதுமான் என்னை ஐயா என்றார். நக்கல் இல்லாமல், மற்றவர்கள் சொல்வதைப் போலவே சொன்னார். ஒருநாள் மத்தியானம் அவர் பொட்டலத்தை விரித்திருந்தபோது போனேன். வழக்கம்போல ஒரு ஈயும் இல்லை. பாதிச் சோற்றை இலையில் பிரித்து என் பக்கம் தள்ளினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உதுமான், ஆற்றங்கரையிலை செம்மண் கிடக்கு" என்றேன்.

"தெரியும் ஐயா. ஆறு வண்டி" என்றார். "நல்லா மூடினதுதான். கிண்ட வேணாம். சின்னையாக்குக் கடைசிப் பொண்ணு இப்பத்தான் நடக்குது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என் அறிக்கையை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் தந்த சோற்றை நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மையவாடியில் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது குனிந்து அள்ளினேன். செம்மண். பின்னால் இரண்டு குழிகளின் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவராவது எனக்காக இப்படி வந்து நிற்பாரா என்று அந்த நேரத்திலும் எண்ணிப் பார்த்தேன். என் புத்தி அப்படி. அதன் பிறகுதான் மகன் வந்து கேட்டார்.

மகனே, உன் தகப்பனார் ஒருநாள் குப்பையை மூடவில்லை என்பது மெய். அன்று அவருடைய மண் என் குழியில் கிடந்தது. நான் இருக்கவேண்டிய இடத்தில் நான் இல்லாததால் அவர் அங்கே இருந்தார். இதை நேற்றுப் பழைய புத்தகத்தை எடுத்து, என் அறிக்கைக்குக் கீழே, என் கையெழுத்தோடு எழுதிவிட்டேன். இப்போதுள்ள வைத்திய அதிகாரிக்குத் தனியே ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறேன். சின்னையாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். எழுதுங்க ஐயா, எம் புள்ளைங்க எல்லாம் பெருசாயிடுச்சு என்றார். எனக்கு இனி என்ன செய்வார்களோ செய்யட்டும்.

உதுமானிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பொருள்தான். அவருடைய கம்பி. சபைச் சொத்து என்பதால் அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டியது என் கடமை. அடுத்து வந்தவருக்கு என் கம்பியைக் கொடுத்துவிட்டு இதை நான் எடுத்துக்கொண்டேன். பிடித்துப் பிடித்து மேல்பாகம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. என்னுடையது புதிதாகவே இருந்தது.

அவர் போய் ஒன்பதாம் நாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அம்பிட்டிய குழிக்குப் போனேன். பெட்டி கவிழ்த்தபடியே கிடந்தது. உட்கார்ந்து என் சோற்றுப் பொட்டலத்தை மடியில் விரித்து வைத்தேன். கை வைக்காமல் மெதுவாக எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணினேன். ஒரு ஈயும் வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சாப்பிட்டேன்.